விருந்தாளி வாசித்த பகுதி

"ரெண்டு ராத்திரி தங்கிட்டு அடுத்த ஊர்க் கூட்டத்துக்குக் கிளம்பிடுவேம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்த பிரசங்கியாருக்கு அது மூன்றாவது வாரம்.

தையல்காரம்மா அவருக்கு ஒழித்துக் கொடுத்தது தன்னுடைய தையல் அறையை. வீட்டில் வேறு அறை இல்லை. மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கட்டில் போட்டாள். காலையில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபத்தில் இருப்பார். மதியம் தூக்கம். சாயங்காலமானால் அவரைப் பார்க்கச் சபையிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். நர்ஸிங் பள்ளிச் சீருடைத் துணி வெட்டியது வெட்டியபடியே மூட்டையாகக் கிடந்தது. புதன்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் ஆர்டர் வேறு கடைக்கு என்று விடுதி வார்டன் கறாராகச் சொல்லியிருந்தாள்.

கணவர் பஸ் ஓட்டுகிறவர். எந்தச் சந்திலும் வண்டியைத் திருப்பிவிடுவார்; இந்தப் பேச்சை எடுக்க மட்டும் அவருக்கு வாய் வராது.

"எப்ப கிளம்புறாருன்னு நீங்களே கேளுங்களேன்."

"ஊழியக்காரரைப் போய் அப்படிக் கேக்கலாமா? நாக்கு அழுகிடும்."

"என் ஆர்டர் அழுகினா பரவாயில்லையா?"

கேட்டுவிட்டாளே தவிர, அவளுக்கும் உறுத்தல்தான். வாசலுக்கு வருகிறவர் தேவதூதனாகவும் இருக்கலாம் என்று கேட்டு வளர்ந்தவள். தேவதூதன் இப்படிக் குறட்டை விடுவானா என்று ஒரு மதியம் தோன்றியது. உடனே மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். டீ டம்ளரைச் சற்று ஓசையோடு வைத்த நாளெல்லாம் ராத்திரி ஜெபத்தில் அதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மருந்துக்கடை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவது வழக்கம். ஆதிக் கிறிஸ்தவர்கள் எழுதி வைத்தவற்றை வாரம் ஒரு பகுதியாக வாசித்து வந்தார்கள். எப்படி ஞானஸ்நானம் கொடுப்பது, எந்தக் கிழமை உபவாசம் இருப்பது என்று புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லும் பழைய கையேடு ஒன்று அப்போது ஓடிக்கொண்டிருந்தது. யாரும் முன்கூட்டிப் படித்துவிட்டு வரக் கூடாது என்பது மருந்துக்கடைக்காரர் வைத்த சட்டம். "பரீட்சைக்கா படிக்கிறோம்? எல்லாருமா சேர்ந்து ஆச்சரியப்படுவோமே" என்பார். விருந்தாளி இருந்தால் வாசிக்கும் மரியாதை அவருக்கு.

பிரசங்கியார் எழுந்து கணீரென்று தொடங்கினார். வெளியூரிலிருந்து வரும் ஊழியரை ஆண்டவரையே ஏற்பதுபோல் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். கணவர் தையல்காரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தாயா?

அவர் ஒரு நாள் தங்கலாம். தேவையென்றால் மறுநாளும் தங்கலாம். மூன்றாம் நாளும்...

கணீர்க் குரல் கம்மியது. மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்ற வரியை அவர் ஏறக்குறைய தம் சட்டைப் பொத்தானுக்குத்தான் சொன்னார்.

"அட! விருந்தும் மருந்தும் மூணு நாள்னு நம்ம பெரியவங்க சொன்னதையே இவங்களும் எழுதி வெச்சிருக்காங்களே!" என்று கைதட்டினாள் பேக்கரிக்கார அக்கா. தட்டிய பிறகுதான் வாசிப்பவர் யாரென்று அவளுக்கு உறைத்தது. கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"மருந்து சிலது அஞ்சு நாள் சாப்பிடணும்க்கா" என்று சமாளிக்கப் பார்த்தார் மருந்துக்கடைக்காரர். ஒருவரும் சிரிக்கவில்லை.

தையல்காரம்மாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் நகர்ந்தாற்போல் இருந்தது. அத்தனை நூற்றாண்டுக்கு முன்னால், அப்போஸ்தலர்களின் காலடி மண் காயும் முன்பே, ஒருவர் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார். அப்படியென்றால் அன்றும் ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி டம்ளரை ஓசையோடு வைத்திருக்கிறாள். அவளைப் பாவி என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்காக ஒரு விதியே செய்திருக்கிறார்கள்.

பிரசங்கியாரின் காதுமடல் சிவந்திருந்தது. விரல் அந்த வரியிலேயே நின்றது. எத்தனையோ நாள் அவள் மனதுக்குள் நடத்திப் பார்த்த காட்சிதான். நடந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை.

"நிறுத்தாதீங்க ஐயா, அடுத்ததையும் வாசிங்க" என்றாள். அடுத்தது என்ன என்று அவளுக்கும் தெரியாது.

அவர் பக்கத்தைத் திருப்பினார். ஆண்டவர் பெயரால் வருகிறவன் உங்களோடு குடியிருக்க விரும்பினால், கைத்தொழில் தெரிந்தவன் என்றால், உழைத்துச் சாப்பிடட்டும். அதை வாசித்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போறதுக்கு இடம் இல்லம்மா" என்றார். பிரசங்கக் குரலே இல்லை. "என் சபை கலைஞ்சு போச்சு. வாடகை வீட்டையும் விட்டுட்டேன். அடுத்த ஊர்ல கூட்டம் இருக்குன்னு சொன்னது பொய். வெக்கத்துல கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தேன்."

பேக்கரிக்கார அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "தொழில் ஏதாச்சும் தெரியுமா ஐயா?"

"ஊழியத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ் மெக்கானிக்."

"அடக் கடவுளே! என் கடை ஃப்ரீசர் படுத்துக் கிடக்குது. ஐஸ் வாங்கி வாங்கியே நான் உருகிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஊழியக்காரர்கிட்ட ஃப்ரீசர் பத்தி யாரும் கேக்கலையேக்கா."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான், வயிறு குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பேக்கரிக்கு மேலே மாவு மூட்டை வைக்கும் அறை பாதி காலி. இன்றைக்கே வந்துவிடுங்கள் என்றாள் அக்கா.

சாயங்காலம் பிரசங்கியார் கட்டிலைத் தாமே மடக்கி வைத்தார். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அறையைவிட்டு வெளியே வந்த பிரசங்கியார் மெஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்காகவாம்மா இதை ஓட்டாம இருந்தீங்க?"

'அதெல்லாம் இல்லை ஐயா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஆமாங்க ஐயா" என்றாள்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"நீங்களும்தான்."

அவர் தலையாட்டிச் சிரித்தார்.

"வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு வாங்க" என்றாள் தையல்காரம்மா. "அதுக்குள்ள என் வேலையும் முடிஞ்சிடும்." சொன்ன பிறகுதான் கவனித்தாள், இத்தனை நாளில் முதல்முறையாக அவரை மனதார அழைத்திருக்கிறாள். கணவர் திரும்பி வருவதற்குள் இரண்டு சட்டைக்குக் கை வைத்து முடித்திருந்தாள்.