வெந்நீர் அடைத்த பாறை

ரெங்கம்மாள் அத்தை காலையிலிருந்து கேட் அருகே நிற்கிறாள். உள்ளே இருப்பது அவள் நிலம். இப்போது அதில் எங்கள் கம்பெனி எண்ணெய் தேடித் தோண்டிய கிணறு. கீழ்வேளூர்ப் பக்கம், நில உச்சவரம்புச் சட்டத்தில் பெரிய பண்ணையிடமிருந்து வந்த நிலம். அதற்காகக் கொடி பிடித்து அவள் புருஷன் ஜெயிலில் கிடந்தார். ஆட்சி மாறிய பிறகுதான் பட்டா கைக்கு வந்தது. கம்பெனிக்கு விட்ட குத்தகை இந்த மாதத்தோடு முடிகிறது. எண்ணெய் இருந்தால் நிலம் திரும்பாது. இல்லையென்றால் சித்திரையில் அவள் வயலிலேயே நல்லேர் பூட்டி முதல் உழவு போடலாம்.

நான் பாறை படித்தவள், அவளுக்குப் பக்கத்துத் தெருக்காரி. துடுக்குக்காரி என்று ஆபீஸில் பெயர்.

ஆழத்திலிருந்து எடுத்த சுண்ணாம்புப் பாறைத் துண்டு மேஜைமேல் இருந்தது. உடம்பெல்லாம் ஓட்டை. மேலதிகாரி துரைராசுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா சுந்தரி! இத்தனை ஓட்டையில எண்ணெய் நிக்காமலா போகும்? குத்தகைய நீட்டிடுவோம்."

"அவசரப்படாதீங்க சார்."

ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். வெறும் சுண்ணாம்பாக இருந்தால் பொங்கியிருக்கும். சும்மா கிடந்தது. சுரண்டிய தூளில் விட்டபோதுதான் லேசாக நுரைத்தது.

"பாறையே மாறிப்போச்சு சார். அடியிலேர்ந்து வெந்நீர் ஏறியிருக்கு. மொதல்ல கரைச்சு ஓட்டை போட்டுச்சு. பின்னால வந்த வெந்நீர்ல இருந்த உப்பு, பானையில படியிற மாதிரி, ஓட்டைக்கு ஓட்டை போற வழியெல்லாம் வெள்ளைக் கல்லாப் படிஞ்சிடுச்சு. வயல் இருக்கு, மடையெல்லாம் அடைப்பு. எண்ணெய் எப்படி ஓடும்?"

"ஊர்க்கார அம்மாவுக்காகப் பேசுறீங்களோ?"

சுள்ளென்று வந்தது எனக்கு. "எங்க ஊர்க்காரின்னா கல்லு மாறிடுமா சார்?"

பாறைத் துண்டை அறுத்த பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். டீ குடித்து முடித்தும் சொட்டு அப்படியே நின்றது, உள்ளே இறங்கவில்லை. மறுநாள் கிணற்றில் சோதனை போட்டார்கள். எண்ணெய் வாடை வந்தது, எண்ணெய் வரவில்லை. துரைராசு பெருமூச்சு விட்டார். "சரி, மூடிட்டு நிலத்தைக் குடுத்துடுவோம்."

அன்றைக்கும் அத்தை நின்ற கேட்டுக்கு ஓடினேன். "அத்தை, நெலம் ஒங்களுக்குத்தான்!"

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம்.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்க் குந்தினாள். லாரி நிற்கப் பரப்பியிருந்த கப்பிக்கல்லைக் கையால் விலக்கினாள். அடியில் கிராவல். தோண்டினாள். அதற்கடியிலும் கிராவல்.

"ஏம்மா, எம் மண்ணு எங்க?"

கிணறு தோண்ட வந்தபோதே மேல்மண் முழுவதையும் வழித்து லாரி ரோட்டுக்கு மேடு கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரியும். அவள் இன்னும் கிளறிக்கொண்டிருந்தாள்.