மாடியில் இரண்டு டிரம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்; இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காசிலிங்கம் அண்ணாச்சியின் விதைக்கடையில் நான் கத்தியதற்குக் காரணம் இருந்தது.

என் வீட்டுக்காரர் டேவிட்சன் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக ஓடிக்கொண்டிருந்த மனிதர். பக்கவாதம் வந்து ஏழு மாதமாக வீட்டில்தான். கைக்குக் கொஞ்சம் அசைவு திரும்பியதும் மொட்டை மாடியில் காய்கறி போட ஆரம்பித்தார்.

"இது முளைக்கட்டும் ஜீவா. முளைச்சிட்டுன்னா நானும் எந்திச்சு ஹார்பருக்குப் போயிருவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதையே பிடித்துக்கொண்டார்.

முதலில் வெண்டை விதையை நேரே மண் நிரப்பிய பையில் ஊன்றினார். ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அடுத்து கத்தரியைத் தென்னைநார்த் தூள் போட்டுக் குழித்தட்டில் விதைத்தார். பதினைந்து நாளாகியும் வெறும் தட்டுதான். அன்று அவர் சாப்பிடவில்லை.

"நமக்கு அவ்வளவுதாம்ளா" என்றார். நேரே கடைக்குப் போனேன்.

"செத்த விதைய வித்திருக்கீங்களே அண்ணாச்சி, நல்லா இருப்பீங்களா?"

"டீச்சரம்மா, இதே விதை ஊரெல்லாம் முளைச்சிருக்கு. வேணும்னா நாத்தாக் கொண்டுபோங்க. வேர் பிடிச்சது, பயமில்ல."

ஆறு தக்காளி நாற்று வாங்கி வந்தேன். நட்ட நாலாம் நாளே இலையோரம் கருகியது.

மறுநாள் சனிக்கிழமை. துணி காயப்போட மாடிக்குப் போனேன். அவர் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வாளியோடு நின்றார்.

எங்கள் மாடியில் இரண்டு நீல டிரம். ஒன்றில் குழாயில் வரும் நல்ல தண்ணீர். மற்றதில் போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீர், கழுவ மட்டும். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஹோஸ் எட்டவில்லையென்று நான்தான் இரண்டையும் இடம் மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. இந்த ஊரில் இதையெல்லாம் யார் சொல்லுவார்கள்? ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும்.

அவர் உப்புத் தண்ணீர் டிரம்மில் விரலை முக்கினார். நாக்கில் வைத்தார். தலையை ஆட்டிக்கொண்டு வாளியில் மோந்தார்.

"ஏங்க, என்ன தண்ணி அது?"

"நல்ல தண்ணிதாம்ளா. தினமும் நாக்குல வச்சுப் பாத்துதான ஊத்துதேன். நாத்துக்கு உப்பு ஆகாதுல்லா."

கல்யாணமான நாளிலிருந்து உப்பு கூட, உப்புக் குறைய என்று என்னோடு மல்லுக்கு நின்ற மனிதர். ஏழு மாதமாக என் குழம்பைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. எனக்குக் கைப்பக்குவம் வந்துவிட்டதென்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி.

அவர் ஒரு டம்ளரில் மோந்து நீட்டினார்.

"சந்தேகம்னா நீயே குடிச்சுப் பாரு."

குடித்தேன். தொண்டைவரை கரித்தது.

"என்ன, நல்ல தண்ணிதான?" என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல தண்ணிதாங்க" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தேன்.