மச்சான் பார்த்து வைத்த ஆள்

...கோபமாகப் பார்க்கச் சொன்னால் கோபத்துக்கு எங்கே போவது, குழாயைத் திறந்தால் கொட்டுகிற சங்கதியா அது, படத்தில் வயிறு ஒட்டித் தெரியணுமாம், காலையிலிருந்து வெந்நீரைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை, பசி வேறு, இந்த போட்டோகிராபர் என்னடாவென்றால் கொஞ்சம் முறைங்க சார், இன்னும் கொஞ்சம், கண்ணுல தெரியணும் சார் என்று உயிரை வாங்குகிறான். பின்னால் தொங்கும் கறுப்புத் துணி ஆடிவிடுமாம், ஃபேனை நிறுத்திவிட்டார்கள், விளக்குச் சூட்டில் உடம்பில் பூசிய எண்ணெய் கழுத்து வழியாக இறங்குகிறது, மூக்குக்கு மூக்கு ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் எதிரே நிற்கிறான் இடக்கையன். சாதாரண ஆளா அவன்? எத்தனை வருஷமாக அவனோடு ஒரு பாக்ஸிங் வையுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. அடித்தால் அவனை அடிக்கணும், இந்த எடையில் சரியான ஆள் அவன் ஒருத்தன்தான், மற்றவனெல்லாம் சும்மா... இதோ கேட்டது கிடைத்துவிட்டது, போஸ்டருக்குப் படமும் எடுத்தாகிறது, இது முடிந்ததும் அடுத்த அறையில் கையெழுத்து, அப்புறம் ஏன் சந்தோஷம் வரமாட்டேன் என்கிறது? தூக்கம்தான் வருகிறது. நின்றபடியே தூங்கிவிடலாம் போலிருக்கிறது.

இத்தனை நாள் கிடைக்காமல் போனதற்குக் காரணம் மச்சான். மனைவியின் அண்ணன், அவர்தான் மேனேஜர், அவர் பார்த்து வைக்கிற ஆளோடுதான் இவன் மோத வேண்டும், ஆரம்பத்திலிருந்தே அதுதான் ஏற்பாடு. தங்கைக்கு மாப்பிள்ளை தேடியபோதுகூட அந்த மனுஷன் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார். வயசென்ன, தாடை எப்படி, கடைசியாக எப்போது விழுந்தான், விழுந்தால் எழுந்திருக்கிற ரகமா, பார்க்க முரடனாக இருப்பானா... அது ரொம்ப முக்கியம், ஆள் முரடாக இருக்கலாம், அடி மட்டும் முரடாக இருக்கக் கூடாது. ஒருமுறை ஒரு பெயின்டரைக் கொண்டுவந்தார், ஆறடிக்கு மேல் உயரம், மார்பெல்லாம் பச்சை குத்தல், போஸ்டரைப் பார்த்தாலே குழந்தைகள் அழும். எடை பார்த்த அன்று கைகொடுத்தபோது நகக்கண்ணில் நீலப் பெயின்ட். மூன்றாவது ரவுண்டில் உட்கார்ந்துவிட்டான் பாவம், ஜனங்கள் கூரை அதிரக் கத்தினார்கள், அப்புறம் உதட்டில் தையலோடு இவனுடைய அறைக்கு வந்து, சார், எங்க பொண்ணு உங்க ஃபேன், ஒரு போட்டோ எடுத்துக்கலாமா என்று கூச்சத்தோடு நின்றான். அன்றைக்கு இவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மச்சானைப் பிடித்துக் கத்தினான். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. தோல்வியே இல்லாதவர்னு பாட்டில்ல உங்க படத்தைப் போட்டு விக்கிறான் கூல்டிரிங்க் கம்பெனிக்காரன், ஒரு தடவை தோத்தா லேபிளைக் கிழிச்சிடுவான், அந்த இடக்கையனை நீங்க ஜெயிச்சா கை தட்டுவாங்க மாப்ளே, தோத்தா நாம எல்லாரும் நடுத்தெருவுல நிப்போம் என்றார். கணக்கு சரிதான். கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருந்தது, அந்தக் கணக்கில்தான் வீடு வந்தது, மாமனாருக்கு ஆபரேஷன் நடந்தது, மச்சானுக்கும் கார் வந்தது, பொய் சொல்வானேன். ஒரே ஒரு பத்திரிகைக்காரன் மட்டும், ஆள் பார்த்து அடிக்கும் வீரர் என்று எழுதிவிட்டான், ஜிம்மில் எல்லோரும் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள், இவனும் சேர்ந்து சிரித்தான், வேறென்ன செய்ய?

அப்படிப்பட்ட மச்சான் போன மாதம் தானாக வந்து சொல்கிறார், மாப்ளே, இடக்கையனைப் பேசி முடிச்சிட்டேன், தேதி மட்டும்தான் பாக்கி என்று. இவன் வாயெல்லாம் பல்லாக நின்றான், மடையன், ஏன் இப்போது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? பாக்ஸிங் நடத்துகிற நம் கம்பெனிக்கே இடக்கையனும் வந்து சேர்ந்துவிட்டான், இனிமேல் எவன் ஜெயித்தாலும் காசு ஒரே கல்லாவில்தான் விழும், அதனால் இருக்கும் என்று தானே ஒரு காரணம் கட்டிக்கொண்டான். அதுவும் நிஜம்தான், பாதி நிஜம். வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள்... எந்த ஆளைச் சொன்னாலும் நூறு கேள்வி கேட்கிறவள், அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அண்ணன் பாத்துப்பாங்க என்று சொல்லிவிட்டுத் துணி மடித்தாள், மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள், அதைக்கூடக் கவனித்தோமே, கவனித்துவிட்டு என்ன செய்தோம், டிவியைப் போட்டோம்... போட்டோகிராபர் வேறு லென்ஸ் எடுக்கப் போய்விட்டான், அப்படியே நில்லுங்க, ரெண்டு பேரும் அசையாதீங்க சார் என்று கத்திவிட்டு. நின்றார்கள். இடக்கையன் வாயில் ஏதோ மிட்டாயை அடக்கியிருந்தான், உதடு அசையாமல் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, தோள் இப்ப பரவாயில்லையா?"

"எந்தத் தோள்?"

"வலது தோள். எங்க ஆளுங்க சொன்னாங்க. நான் அந்தப் பக்கம் அடிக்க மாட்டேண்ணே, பயப்படாதீங்க."

இவன் முறைத்துவிட்டான் போலிருக்கிறது, ஆங், இதுதான் சார், இதுதான் என்று போட்டோகிராபர் ஓடிவந்து படபடவென்று எடுத்துத் தள்ளினான். வலது தோள். ஜிம்மில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது, அந்தக் கையை ஒளித்து ஒளித்துத்தான் அடிக்கிறான், வயசாகுது, வேகம் குறையுது என்று கோச் நினைத்துக்கொண்டிருக்கிறார். டாக்டரிடம் போகவில்லை, போனால் விஷயம் வெளியே வந்துவிடும். மச்சானிடமும் மூச்சு விடவில்லை. காலையில் சட்டைக்குள் கையை நுழைக்கும்போதுதான் உயிர் போகும், அவள் வந்து பேசாமல் சட்டையைப் பிடித்துக்கொள்வாள், பொத்தானைப் போட்டுவிடுவாள், அதைப் பற்றி இருவரும் வாயைத் திறந்ததே இல்லை. உலகத்திலேயே தெரிந்தவள் அவள் ஒருத்தி. அப்படியானால் அவள் அண்ணனிடம் சொல்லி, அண்ணன் கம்பெனியிடம் சொல்லி, கம்பெனி இடக்கையனிடம்... சே, அவளா? கூடப் படுத்து எழுந்திருக்கிறவளா? பெயின்டரைப் பற்றி விசாரித்த மாதிரி என்னைப் பற்றியும் விசாரித்தார்களா, தாடை எப்படி, தோள் எப்படி, விழுந்தால் எழுந்திருப்பானா என்று? பசி மறந்து போய்விட்டது. படம் எடுத்தது போதும் என்றார்கள், துண்டைப் போர்த்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான், மச்சான் ஒப்பந்தத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"தோள் விஷயம் அவதான் சொன்னாளா, மச்சான்?"

மறுப்பார் என்றுதான் நினைத்தான், மறுத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அழுதா மாப்ளே. இன்னும் ரெண்டு வருஷம் போனா இவருக்குக் கையே இருக்காதுண்ணேன்னு அழுதா. நிறுத்துங்கன்னு சொன்னா நீங்க கேப்பீங்களா? இல்ல, சும்மா நிறுத்தினா நம்ம கையில என்ன மிஞ்சும்? நீங்க ஜெயிப்பீங்கன்னு ஜனங்க நம்பணும், டிக்கெட் விக்கும், தோப்பீங்கன்னு கம்பெனி நம்பணும், புதுப் பையனைத் தூக்கிவிட அவங்க கொட்டிக் கொடுப்பாங்க, அப்பதான் பெரிய காசு. இன்னிக்கு ரெண்டும் இருக்கு. இதோட நீங்க வீட்ல உக்காந்துடலாம்."

"இவன்கிட்டயா தோக்கணும்?"

"ஆளைச் சொன்னதே அவதான். தடுமாறினவனை இந்தப் பையன் மேல விழுந்து அடிக்க மாட்டான், ஒதுங்கி நிப்பான்னு சொன்னா. அவனோட பழைய ஃபைட்டெல்லாம் போட்டுப் பாத்திருக்கா."

பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து ஈரக்கையோடு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பாளே, அதுவா? டிவியில் குத்துச்சண்டை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், ஒருத்தன் எப்படி அடிக்கிறான், எப்போது அடிக்காமல் விடுகிறான் என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எத்தனை பேரைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள், லேபிளுக்காக, டிக்கெட்டுக்காக, காருக்காக... இவனுக்காக என்று பார்த்து ஒருவர் நிறுத்திய ஆள் இடக்கையன் ஒருத்தன்தான். கோபப்பட வேண்டுமா, கும்பிட வேண்டுமா? இரண்டுக்கும் தெம்பில்லை. மச்சான் நீட்டிய பேனாவை வாங்கினான், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான், போட்டுக்கொண்டிருக்கும்போதே மனசு அதுபாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது, வலது பக்கம் அடிக்க மாட்டேன் என்றானே, சொன்னால் சொன்னபடி நிற்கிற பயல்தான், அப்படியென்றால் அந்தப் பக்கத்தைக் காக்க வேண்டியதே இல்லை, திறந்து போட்டுவிட்டு உள்ளே நுழைந்தால், அவன் தயங்குகிற அந்த அரை நொடியில் இடது கையால் தாடைக்குக் கீழே... விழுவான். சத்தியமாக விழுவான். ஜெயித்துவிடலாம். ஜெயித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?