கம்பிப் பாலத்திலிருந்து நாற்பது வினாடி

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். டெல்மர் ஹாஸ்லம் கெட்டது வாய் திறக்காமல் விட்ட ஓர் இடத்தில். அதுவும் பேசுவதற்கென்றே கூப்பிட்டு மைக் முன்னால் உட்கார வைத்த இடத்தில்.

யூட்டாவின் தென்கோடியில், செம்பாறைகளுக்கு நடுவே நானூறு பேர் இருக்கிற ஊர். அங்கே முப்பத்தொரு வருடம் மண்சாலைகளை மட்டம் செய்யும் இயந்திரம் ஓட்டியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து பேசினால் தூங்குகிற குழந்தைகூட விழித்துக் கேட்கும். அப்படி ஒரு குரல். நகரத்துக் கம்பெனி ஒன்று, பள்ளத்தாக்குப் பாதையில் கார் ஓட்டி வருகிறவர்களுக்காகப் போனிலேயே ஒலிக்கும் வழித்துணைப் பேச்சு தயாரித்தபோது அந்தக் குரலைத்தான் பிடித்துக்கொண்டது. கார் எந்த இடத்துக்கு வருகிறதோ அந்த இடத்துப் பேச்சு தானாக வரும். வழிகாட்டி என்று தனியாக ஆள் வேண்டாம். டெல்மர் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கும்போதே நாற்பது கார்களில் கதை சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்ச நஞ்சமல்ல.

ஜூலைக் கடைசியில் டெஸ்ஸா என்கிற இருபத்தொன்பது வயதுப் பெண்ணை, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே இடுக்காக ஓடும் குருட்டுக்குதிரை ஓடையின் காட்டாற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அன்று அவள் காரில் பேசிக்கொண்டு வந்ததும் டெல்மர்தான்.

இப்போது அக்டோபர். டெஸ்ஸாவின் அம்மா ஐரீன் ஒஹாயோவிலிருந்து தனியாக வந்து, வாடகைக் காரை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"அந்தக் குரல் நீங்கதானா?"

"ஆமாம்மா."

"என்கூட வாங்க. என் பொண்ணு கேட்டதை அதே ரோட்டுல, அதே எடத்துல நான் கேக்கணும். சொன்ன ஆளும் பக்கத்துல இருக்கணும்."

மறுக்க வழி இல்லாமல் இல்லை. கம்பெனிக்காரர் போன வாரம்கூடப் போன் போட்டு, "யார் வந்து கேட்டாலும் மூச்சு விடாதீங்க, வக்கீல் பாத்துப்பார்" என்று சொல்லியிருந்தார். டெல்மர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

ஐரீன் இருபத்தேழு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்து, ஊசி அசையாமல் ஒரே வேகத்தில் ஓட்டினாள். பெட்ரோல் பங்க்கில் வாங்கிய காபி அவள் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் ஒண்ணு வாங்கியிருப்பேன். கேக்க மறந்துட்டேன்."

"எங்க சபையில காபி ஆகாதும்மா."

"அப்புறம் தூக்கம் எப்படிக் கலையும்?"

"வந்தாத்தானே கலையறதுக்கு," என்றார் டெல்மர். அவள் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுச் சாலைக்குத் திரும்பிக்கொண்டாள்.

முதல் வளைவிலேயே போன் பேசத் தொடங்கியது. அவருடைய குரல்தான், ஆனால் ஆள் வேறு. அந்த ஆளுக்குப் பசி நோவு எதுவும் இல்லை. ஊரைப் பார்க்க வந்தவர்களைச் சிரிக்க வைப்பது ஒன்றுதான் வேலை. "வாங்க வாங்க. நான் டெல்மர். பின்சீட்டுல என்னை ஏத்தினதுக்கு நன்றி, நான் நொறுக்குத்தீனி கேக்க மாட்டேன்," என்றது குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெல்மருக்கு அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போல் இருந்தது.

நாலு மைல் கழித்து, கூன் விழுந்த பெரிய பாறை ஒன்று வந்தது. "வலது பக்கம் பாருங்க, மாமியார் பாறை. நீங்க எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புனாலும் அது உங்களையேதான் மொறைச்சுக்கிட்டிருக்கும்," என்றது குரல்.

ஐரீன் சிரிக்கவில்லை. "டெஸ்ஸா இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. புருஷன் காலெப்பை இடிச்சு, எங்க அம்மாதான் இதுன்னு சொல்லியிருப்பா." கொஞ்ச தூரம் போனதும், "மாப்பிள்ளையாம் மாப்பிள்ளை," என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். காலெப் பிழைத்துக்கொண்டான். ஒன்றரை வயது மகள் நோரா அவன் முதுகுப் பையில் இருந்ததால் அவளும் பிழைத்தாள். பாறை விளிம்பில் ஏறி நின்று, கால் எலும்பு முறிந்து, பெண்டாட்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது குழந்தை ஐரீனிடம் இருக்கிறது. அது யாரிடம் வளரும் என்று வெள்ளிக்கிழமை கோர்ட்டில் முடிவாகும்.

"பாலைவனத்துல, மழைக்காலத்துல, பொண்டாட்டி புள்ளையோட இடுக்குக்குள்ள எறங்கறவனுக்கு மூளை வேண்டாமா? கேட்டா, அந்தக் குரல் ஒண்ணுமே எச்சரிக்கலைங்கறான். உள்ள சுவர்ல ஏதோ கொள்ளுத்தாத்தா பேரு வெட்டியிருக்கு, போய்ப் பாருங்கன்னு சொல்லிச்சாம். அதைப் பாக்கத்தான் போனாங்களாம். அவன் போனை வெள்ளம் கொண்டு போயிடுச்சு. நானே கேக்கறேன்னுட்டு வந்திருக்கேன். அவன் சொல்றது நெஜம்னா குழந்தை அவனோடது, நான் குறுக்க நிக்கமாட்டேன். பொய்யின்னா, அவன் நோராவை இந்த ஜென்மத்துல தொடக்கூடாது."

 காலெப் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை என்பது அந்தக் காரில் டெல்மருக்கு மட்டும்தான் தெரியும்.

நடந்தது இதுதான். மாடு தாண்டாமல் இருக்கச் சாலையில் குறுக்கே கம்பி பதித்த பாலம் ஒன்று உண்டு. அங்கிருந்து ஓடைத் திருப்பம் வரை, விதித்த வேகத்தில் போனால் நாற்பது வினாடி. பேச்சு அதற்குள் முடிய வேண்டும். டெல்மர் எழுதிக்கொண்டு போனது ஐம்பத்தைந்து வினாடி வந்தது. ஒலிப்பதிவு செய்த பெண் நகரத்துக்காரி. "பதினஞ்சு வினாடி கொறைக்கணும் சார். எது வேண்டாம்னு நீங்களே அடிச்சுக் குடுங்க," என்று பென்சிலை நீட்டினாள். தாளில் இரண்டு பத்தி. ஒன்று, கொள்ளுத்தாத்தா ஈனோஸ் ஹாஸ்லம் மாட்டுவண்டியில் இந்தப் பக்கம் வந்து, அச்சு முறிந்து மூன்று நாள் கிடந்து, உளியால் சுவரில் பேர் வெட்டிய கதை. இன்னொன்று, தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் முப்பது மைல் தள்ளி மேட்டுநிலத்தில் கருத்திருந்தால் ஓடைக்குள் கால் வைக்காதே என்பது. அந்த ஊரில் முதல் வண்டியில் வந்தவர்களின் பேரன் என்றால் அதற்கொரு மவுசு. சபையில் உட்காரும் வரிசைகூட அதன்படிதான். எச்சரிக்கைக்குத்தான் மாவட்டப் பலகை நிற்கிறதே என்று டெல்மர் இரண்டாவது பத்தியை அடித்தார். அந்தப் பலகையை ஊர்ப் பையன்கள் குறி பார்த்துச் சுட்டுச் சுட்டுச் சல்லடையாக்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாததா? இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு அதைத் தாண்டித்தானே தினமும் போய்வந்தார்.

டெஸ்ஸா போன ஒன்பதாம் நாள் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. தாத்தாவை எடுத்துவிட்டு மழையைச் சேர்த்தார்கள். முன்பே வாங்கியவர்களின் போனிலும் பழையது அழிந்து புதியது தானாக ஏறிக்கொண்டது. விபத்து என்று விசாரணை முடிந்தது. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

டயர்கள் கம்பிப் பாலத்தின்மேல் தடதடத்தன. ஐரீன் போனின் சத்தத்தைக் கூட்டினாள்.

"இடது பக்கம் குருட்டுக்குதிரை ஓடை வருது. இங்க ஒரு நிமிஷம் விளையாட்டை விட்டுட்டுப் பேசறேன். ஒங்க தலைக்கு மேல வானம் எவ்வளவு நீலமா இருந்தாலும் சரி, வடக்க மேட்டுல கருப்பாத் தெரிஞ்சா உள்ள எறங்காதீங்க. அங்க பெய்யற மழை இங்க வந்துதான் ஆளைக் கொல்லும்." குரல் ஒரு கணம் நிறுத்தி, "எங்க ஊர் ஆளுங்களே செத்திருக்காங்க. கேளுங்க, நான் சொல்றதை," என்றது. அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது டெல்மரின் குரல் உடைந்திருந்தது. நல்லா இருக்கு, அப்படியே இருக்கட்டும் என்று கம்பெனியில் வைத்துக்கொண்டார்கள்.

ஐரீன் ஓடை விளிம்பில் காரை நிறுத்தினாள். இறங்கவில்லை. கீழே மணல் உலர்ந்து வெடித்திருந்தது. ஆளுயரத்தில் ஒரு மரக்கட்டை பாறையிடுக்கில் சொருகிக் கிடந்தது. வெள்ளம் அந்த உயரத்தில் போயிருக்கிறது.

"கெஞ்சியிருக்கீங்க. இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான்? தாத்தாவும் இல்ல, பேரும் இல்ல. என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்கான்." அவள் அவர் கைமேல் தன் கையை வைத்தாள். "நன்றி மிஸ்டர் ஹாஸ்லம். உங்களால ஆனதை நீங்க செஞ்சிட்டீங்க."

அந்தக் கை இருந்த இடம் டெல்மருக்கு எரிந்தது. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் அடித்துக்கொண்டான். சொன்னால் சபையில் யார் முகத்தில் விழிப்பது, கோர்ட்டு, கம்பெனி வக்கீல் என்று இன்னொருவன் அவன் வாயைப் பொத்தினான். அறுநூறு அடி உள்ளே, வலது சுவரில், ஈனோஸின் பேர் நூற்று நாற்பது வருடமாக வெட்டினபடியே இருக்கிறது. போய்ப் பார்த்தால் போதும். அவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

"சிக்னல் எங்க கெடைக்கும்?" என்றாள் ஐரீன்.

"பதினோரு மைல். செல்போன் மேடுன்னு சொல்லுவோம்."

அந்தப் பதினோரு மைலும் குரல் ஓயவில்லை. கழுதை கதை சொன்னது, பாதிரியார் வழுக்கி விழுந்த கதை சொன்னது, பீச் பழம் எங்கே வாங்கலாம் என்று சொன்னது. அவள் அதை நிறுத்தவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஒவ்வொரு மைல் கல்லிலும் டெல்மர் அடுத்த கல்லில் சொல்லிவிடுவோம் என்று நினைத்தார்.

மேட்டில் காரை ஓரங்கட்டி அவள் ஸ்பீக்கரில் போன் போட்டாள். மூன்றாவது மணியில் காலெப் எடுத்தான்.

"அத்தை? நோரா நல்லா இருக்காளா?"

"இருக்கா. நான் அந்த ரோட்டுல இருக்கேன். கேட்டேன். மழையைப் பத்தி அவ்வளவு தெளிவாச் சொல்லுது. தாத்தாவும் இல்ல ஒண்ணும் இல்ல. என்ன சொல்ற இப்போ?"



"சொல்லியிருக்கும் அத்தை," என்றான் காலெப். குரலில் சண்டைபோடத் தெம்பு இல்லை. "நோரா அழுதுக்கிட்டிருந்தா. நான் பால் பாட்டிலைத் தேடிக்கிட்டிருந்தேன். நான்தான் காதுல வாங்காம விட்டிருப்பேன்."

"அப்ப அந்தப் பேரு?"

"தெரியல. ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தப்போ கனவுல வந்திருக்கும். எனக்கு இப்பல்லாம் எது நெஜம்னே தெரியல. வக்கீலை அனுப்புங்க, எங்க கையெழுத்துப் போடணுமோ போடறேன். நோரா உங்ககிட்டயே இருக்கட்டும். நான்தானே அவ அம்மாவைக் கொன்னவன்."

ஐரீன் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

டெல்மர் பேசினார். கேவிக்கொண்டு அல்ல, மன்னிப்புக் கேட்டும் அல்ல. மைக் முன்னால் பேசிய அதே குரலில், அதே நிதானத்தில் பேசினார்.

"இடது பக்கம் குருட்டுக்குதிரை ஓடை வருது. வண்டியை நிறுத்திட்டு அறுநூறு அடி உள்ள நடங்க. வலது சுவர்ல, ஆள் ஒசரத்துக்கு மேல, ஒரு பேரு வெட்டியிருக்கும். ஈனோஸ் ஹாஸ்லம், ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்திரண்டு. என்னோட கொள்ளுத்தாத்தா. வண்டி அச்சு ஒடஞ்சு மூணு நாள் தண்ணியில்லாம கெடந்தாரு. நாலாம் நாள் வேலையத்துப் போய் பேரை வெட்டினாரு. எங்க குடும்பத்துல யாருக்கும் சும்மா இருக்கத் தெரியாது. அவசியம் போய்ப் பாருங்க. நெழலா இருக்கும். கொழந்தைங்களுக்குப் பிடிக்கும்."

சரியாக நாற்பது வினாடி.

 போனில் காலெப், "இதான்," என்றான். "அத்தை, இதான். கொழந்தைங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னதும் டெஸ்ஸா சீட் பெல்ட்டைக் கழட்டிட்டா. நோராவுக்குக் காட்டலாம்னா." அதற்கு மேல் அவனால் முடியவில்லை, கேட்டுக்கொண்டிருக்க முடியாத ஓர் அழுகை.

ஐரீன் டெல்மர் பக்கம் திரும்பினாள். "மழை எங்க இதுல?"

"அடிச்சுட்டேன்மா. ரெண்டுல ஒண்ணுதான் எடம் கொள்ளும்னாங்க. தாத்தா பேரு இருக்கட்டும்னு நான்தான் அடிச்சேன். நீங்க கேட்டது அப்புறம் மாத்தினது."

"ஓடைகிட்டயே தெரியுமே உங்களுக்கு. நான் உங்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னேனே."

 

அவள் போனை வாய்க்கருகே எடுத்தாள். "காலெப், அழாதே. அழாதேப்பா. நோரா உன்னோடதான் இருப்பா. நான் கூட்டிக்கிட்டு வர்றேன்." பிறகு, குரல் மாறாமல், "வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு வருவீங்களா மிஸ்டர் ஹாஸ்லம்? இதை அப்படியே சொல்லணும்," என்றாள்.

"வர்றேன்மா."

"இப்போ எறங்குங்க."

இறங்கினார். ஊருக்கு இருபத்திரண்டு மைல். கதவைச் சாத்தும்போது காலெப்பின் அழைப்பு முடிந்து, போன் விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கியது. "என்ன, இன்னும் என்கூடத்தான் இருக்கீங்களா?" என்றது டெல்மரின் குரல். ஐரீன் அதை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.