மூன்றாம் அடுக்கில் கிடைத்தவள்

எங்கள் நிறுவனம் பட்டதாரிகளை விளம்பரம் கொடுத்து எடுப்பதில்லை. தோண்டித்தான் எடுக்கிறது. அடுக்குமாடி எழும்புமுன் மனையை அகழ்ந்து ஆராய்ந்து தருவது அதன் தொழில். நான் ஓசூர்ப் பக்கத்து மனையொன்றில், மூன்றாம் மண்ணடுக்கில், பானையோடுகளுக்கு நடுவே எம்.ஏ. சான்றிதழோடு கிடைத்தேன்.

"தலை தெரியுது. கொத்துக்கரண்டிய வச்சுட்டு பிரஷ எடுங்க" என்றாள் பெனாசிர். எனக்கு முந்தைய வருஷம் கிடைத்தவள்.

என்னைக் கழுவி, வெயிலில் காயவைத்து, முழங்கையில் கறுப்பு மையால் எண் எழுதி, வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எண் எழுதிய பொருள் நிறுவனத்தை விட்டுப் போகக் கூடாது. இங்கே யாரும் ராஜினாமா செய்வதில்லை என்று கருத்தரங்குகளில் பெருமையாகச் சொல்வார்கள். பெருமையாம்!

ஆவணியில் எனக்கு முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பேராசிரியர் குணவதி மேடத்திடம் போய்ச் சேர வேண்டும். தவறினால் இடம் போய்விடும். தளப் பொறுப்பாளர் வேதமாணிக்கத்தின் முன் போய் நின்றேன்.

"நீ மூணாவது அடுக்கும்மா. அடுக்கு எங்கயாவது எழுந்து போகுமா?"

"நான் மூணாவது அடுக்கே இல்ல சார். கிடைச்சப்ப என் கையில செல்போன் இருந்துச்சே, யாராவது யோசிச்சீங்களா? மேலேர்ந்து எவனோ வெட்டின குழியில கீழ இறங்கியிருக்கேன். வாங்க, காட்டறேன்."

வந்தார். நான் கிடைத்த பள்ளத்தின் மண்சுவரில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். பழைய குழியின் விளிம்பு கறுப்பாகத் தெரிந்தது. குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீ சொல்றதுதாம்மா சரி. கலைஞ்ச மண்ணுல கிடைச்சத நாங்க வச்சுக்க முடியாது" என்று ஈரத்துணியால் எண்ணைத் துடைத்தார்.

அடுக்கில்லாத பொருள் போகுமிடம் மண்மேடு. பெனாசிர் என்னைக் கூடையில் சுமந்துபோய்க் கொட்டினாள்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியேடி."

மேட்டில் எனக்கு முன்பே வாதாடி ஜெயித்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வியாழக்கிழமை லாரி வந்து எங்களை அள்ளிப்போய், பள்ளமான ஒரு மனையில் கொட்டி நிரவியது.

வெள்ளிக்கிழமை காலை தலைக்கு மேல் கரண்டிச் சத்தம் கேட்டது.

"தலை தெரியுது" என்றாள் பெனாசிர்.

"முதல் அடுக்கு. குழி கிழி ஏதுமில்ல" என்றார் வேதமாணிக்கம்.

நானும் சுவரைப் பார்த்தேன். விளிம்பு எங்கும் இல்லை. வாதாட ஒன்றுமில்லை.

என்னைக் கழுவி வெயிலில் கிடத்தினார்கள். பக்கத்தில் குணவதி மேடம் காய்ந்துகொண்டிருந்தார்.

"சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்துட்ட" என்றார். "திரும்பிப் படு. முதுகு காயட்டும்."