அட்டை டீச்சருக்கு அடிக்கல்

உயிரோடு இருக்கிறவருக்குச் சிலை வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. அவர் அபிப்பிராயம் சொல்லுவார். குளவிக்கல் தோட்டத்து விழாக்குழுத் தலைவர் வீரசிங்கம் இதை எதிர்பார்க்கவில்லை.

சிலைக்குரியவர் பாக்கியலெட்சுமி டீச்சர். வயது எழுபத்தொன்பது. நமுனுகுல மலையடியில் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பேராதனையில் விலங்கியல் படித்து, ஹாலிஎலப் பக்கம் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு அதே லயத்துக்குத் திரும்பி வந்தவர். தோட்டத்தின் முதல் விஞ்ஞானி. இரண்டாவது விஞ்ஞானி இன்னும் கிடைக்கவில்லை.

அவருடைய ஆராய்ச்சி அட்டைகளைப் பற்றியது. கொழுந்து எடுக்கிற பெண்கள் காலிலிருந்து பிடுங்கி எறிகிற அதே அட்டைதான். தோட்டத்து ஊற்றுப் பள்ளத்தில், முதுகில் செங்கோடு ஓடும் ஒரு வகையை இளவயதில் கண்டுபிடித்தார். போத்தலில் போட்டு, விவரம் எழுதி, அப்போதிருந்த வெள்ளைக்காரத் தொரை மூலமாக வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றுக்கு அனுப்பினார். பதில் தொரைக்கு வந்தது. அட்டைக்கும் தொரையின் பெயரையே வைத்துவிட்டார்கள். அட்டைக்குப் பயந்து ஜீப்பை விட்டு இறங்காத மனிதர் அவர்.

"பேரு கெடக்கட்டும். அட்டைக்குத் தெரியவா போகுது?" என்பார் டீச்சர்.

ஐம்பது வருடத்துக்கு மேலாக, மழைக்காலத்துச் சனிக்கிழமைகளில் பள்ளத்துக்குப் போய், சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு உட்காருகிறார். அரை மணி நேரத்தில் எத்தனை அட்டை காலில் ஏறுகின்றன என்று கொப்பியில் எழுதுகிறார். செங்கோட்டு அட்டையை வேறெங்கும் அவர் பார்த்ததில்லை. அப்புத்தளை வரை தேடியாயிற்று.

அந்தப் பள்ளத்தை மூடித்தான் சிலை வைப்பது என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது.

"தம்பி, அங்க கொங்கிரீட் போட்டா அட்டை எல்லாம் செத்துப் போயிடும்" என்றார் டீச்சர்.

"அதுக்குத்தாங்க டீச்சர். ஒங்க சிலைகிட்ட அட்டை இருந்தா யாரு வருவா?" என்றார் வீரசிங்கம்.

"அட்டைய ஆராய்ச்சி பண்ணுனதுக்குத்தானே சிலை?"

"ஆமாங்க."

"அப்ப அட்டை இருக்கணும்ல?"

"சேவையைத்தாங்க பாராட்டுறோம். அட்டைய இல்ல."

"வேற எடமே இல்லையா?"

"ரோட்டுல நின்னு போன்ல படம் எடுத்தா, பின்னால மலையும் படத்துல விழுகிற எடம் அது ஒன்னுதாங்க."

பதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஹுமைத் தன் கஷ்டத்தைச் சொன்னார். "சீமெந்து தாறன்னு மட்டுந்தான் நான் சொன்ன, டீச்சர். சிலையையும் என்ட கடையிலயே எறக்கிட்டாங்க. மூணு மாசமா வாசல்ல நிக்கிது. ஆணி வாங்க வந்த ஒருத்தன் கற்பூரம் ஏத்திட்டுப் போறான். பள்ளிவாசல்ல கேட்டா நான் என்ன சொல்ல?"

சிலை எட்டடி. சிற்பி வழக்கமாகச் செய்வது அரசியல் தலைவர்களை என்பதால், டீச்சரின் வலது கை ஆகாயத்தைச் சுட்டிக்கொண்டிருந்தது.

அடிக்கல் நாட்டு விழாவன்று காலையில் மழை தூறியது. பள்ளத்தின் நடுவே பலகை மேடை. பூசை என்பதால் பிரமுகர்கள் பதினைந்து பேரும் சப்பாத்துகளை ரோட்டோரம் கழற்றிவிட்டு, மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு ஏறினார்கள்.

"தம்பி, அட்டைக்குச் சவுக்காரம் தேச்சுக்கிட்டு ஏறச் சொல்லுங்க. கொழுந்துக்குப் போற புள்ளைங்களே சவுக்காரம் பூசாம இந்தப் பக்கம் வராதுக."

"பூசையில நிக்கிறவங்க காலுல சவுக்காரமா? சாமி குத்தமாயிடுங்க."

டீச்சர் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிரதம அதிதி கொழும்பிலிருந்து வந்த கலாநிதி மாரிசாமி. எதில் கலாநிதிப் பட்டம் என்று கேட்ட ஒருவர் குழுவில் இருந்தார். இப்போது இல்லை. மேடையில் இருந்த பதினான்கு பேரையும் பட்டத்தோடும் பதவியோடும் 'அவர்களே' போட்டு அழைத்து முடிக்கவே கலாநிதிக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

அட்டை கடிப்பது வலிக்காது. தெரிய வருவதற்குள் அதற்கு வயிறு நிறைந்துவிடும். பிரதம அதிதி பேசும்போது குனிந்து தன் காலைப் பார்ப்பது மரியாதையல்ல என்பதால், ஒருவரும் பார்க்கவில்லை.

டீச்சர் பார்த்தார். ஐம்பது வருடமாக அவருடைய ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு சோடிக் கால். இன்று பதினைந்து சோடி, அதுவும் அசையாமல். கொப்பியையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு மேடையேறிப் பிரதம அதிதியின் காலடியில் குனிந்தார்.

கலாநிதி நெகிழ்ந்துபோனார். "வேணாம்மா, வயசுல பெரியவங்க நீங்க" என்று சொல்லிக்கொண்டே கமெராப் பக்கம் திரும்பி, அவர் தலையில் கை வைத்தார். "நல்லா இருங்க."

"அசையாதீங்க. இன்னும் மூணு இருக்கு" என்றார் டீச்சர். மைக்கில் அது தெளிவாகக் கேட்டது.

கலாநிதி தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். உரை நான்காம் பக்கத்தில் நின்றது.

"ஒங்களுக்கு ஏழு. தலைவருக்கு அஞ்சு. ரத்தம் லேசுல நிக்காது, பயப்படாதீங்க. எப்ப நிக்கிதுன்னு பாத்து எழுதிக்கிறேன்."

கலாநிதி அலறவில்லை. அலறல் பதவிக்குப் பொருந்தாது. மைக்கை இறுகப் பிடித்து, "இவ்வளவு பெரிய அறிஞரை இப்படியான ஓரிடத்தில் நிறுத்துவது நம் சமூகத்துக்கே அவமானம்" என்றார். பலத்த கைதட்டல். பிறகு சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாகனத்தை நோக்கி நடந்தார். மற்ற பதினான்கு பேரும் பதவி வரிசைப்படி ஓடினார்கள்.

டீச்சர் போத்தலில் இருந்தவற்றை எண்ணிவிட்டுப் பள்ளத்திலேயே திறந்துவிட்டார். "அப்ப கொங்கிரீட்?"

"பிரதம அதிதி சொன்னதுக்கு மேல என்னங்க? எடம் மாத்தியாச்சு" என்றார் வீரசிங்கம், ரோட்டோரம் நின்று கணுக்காலில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு.

"எங்க வேணும்னாலும் வைங்க, என்ட கடைக்கு மட்டும் திருப்பிக் கொண்டு வர வேணாம்" என்றார் ஹுமைத்.

லொறி போகக்கூடிய இடம் தோட்டத்தில் இன்னொன்றுதான் இருந்தது. அது டீச்சரின் லயத்து வாசல். மறுநாளே நட்டுவிட்டார்கள். இப்போது கதவு ஒரு சாண் அளவுதான் திறக்கிறது.

"எடைஞ்சலா இருக்குங்களா, டீச்சர்?" என்று கொங்கிரீட் இறுகிய பிறகு வீரசிங்கம் விசாரித்தார்.

"இருக்கட்டும் தம்பி. பின்னால குசினிக் கதவு வழியா எறங்குனா பள்ளம் கிட்ட."

சனிக்கிழமை நல்ல மழை. டீச்சர் குசினி வழியாக இறங்கிப் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் ஓர் அட்டைகூட ஏறவில்லை. பதினைந்து பிரமுகர்களைக் குடித்தவற்றுக்கு இனி மாதக்கணக்கில் பசிக்காது. தேதிக்கு நேரே பூச்சியம் போட்டு, காரணம் என்ற இடத்தில் 'அடிக்கல் நாட்டு விழா' என்று எழுதிக் கொப்பியை மூடினார்.