ஷாம்பு போட்ட கன்றுகள்

தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ரொஷேல் செருப்பைக் கழற்றுவதற்குள் கணவன் ஜீவராஜின் அழைப்பு வந்தது. "வான் வந்திட்டுது, கெதியா வா." கொழும்பின் கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளிக்கு ஓட்டோவில் பத்து நிமிடம். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை மாற்றாமலே போய் இறங்கினாள்.

களனி ஆற்றுக்குப் பக்கத்தில் கணவனுக்கு அவனுடைய அப்பா விட்டுப்போன சின்னக் காணி அது. ஒருகாலத்தில் பழைய போத்தல் சேர்த்து விற்ற இடம். ஜீவராஜ் ஹோட்டல் ஒன்றில் சமையல்காரனாக இருந்தவன். நாடே முடங்கிப்போன வருடத்தில் வேலை போயிற்று. அதே வருடம் ஒரு பக்கட் பால்மாவுக்காக வரிசையில் நின்றபோதுதான் மாடு வளர்க்கும் எண்ணம் அவனுக்கு வந்தது. கறவை மாடு வாங்க வசதியில்லை. பெரிய பண்ணைகளில் பிறந்த மறுநாளே தள்ளிவிடும் கன்றுகளை வாங்கி வளர்த்தால் இரண்டு மூன்று வருடத்தில் வெள்ளவத்தை ஃப்ளாட் எல்லாவற்றுக்கும் பால் போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெள்ளவத்தையில் ஒரு சலூனில் நகம் பூசும் வேலை செய்த ரொஷேலின் சம்பளத்தில்தான் பட்டிக்குத் தகரம் போட்டார்கள்.

வான்காரன் பின்கதவைத் திறந்தான். உள்ளே ஐந்து உரப்பைகள் கிடந்தன. ஒவ்வொரு பைக்குள்ளிருந்தும் ஒரு தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்தைச் சுற்றிக் கயிறு. அவன் பைகளை மூட்டை இறக்குவதுபோல இழுத்துக் கீழே போட்டான். கயிற்றை அவிழ்த்தபோது எழுந்த நாற்றத்தில் ரொஷேல் மூக்கைப் பொத்தினாள். புளித்த பாலும் மூத்திரமும் பழைய இரத்தமும் சேர்ந்த நாற்றம். தொப்புள் கொடிகள் இன்னும் காயவில்லை. ஒன்று வழுக்கி விழுந்து, எழும்பி, அவளுடைய வெள்ளைச் சட்டையின் ஓரத்தை வாய்க்குள் இழுத்துச் சூப்பத் தொடங்கியது. சட்டையைப் பறித்தாள். கோழை நூலாக நீண்டு வந்தது.

"அஞ்சும் நாகு" என்றான் ஜீவராஜ் பெருமையாக. "எல்லாம் பெண் கன்று. விசாரிச்சுத்தான் எடுத்தனான்."

வான்காரன் காலிப் பைகளை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

கன்றுகளுக்கு வாளியில் குடிக்கத் தெரியவில்லை. பாலில் விரலை நனைத்து வாய்க்குள் வைக்க வேண்டும், அது விரலைச் சூப்பும்போது மெல்லத் தலையை வாளிக்குள் இறக்க வேண்டும் என்று ஜீவராஜ் யூடியூபில் பார்த்திருந்தான். பார்த்தவன் அவன், விரல் வைத்தவள் ரொஷேல். உள்ளே சூடாக, வழவழப்பாக, அரம்போல நாக்கு. அவளுடைய நீள நகம் அண்ணத்தில் கீறி இரத்தம் வந்தது. அன்று பின்னேரமே பத்து நகத்தையும் தானே அராவி எடுத்தாள். மற்றவர்களின் நகத்துக்கு அழகு பார்த்துச் சோறு சாப்பிடுகிறவளுக்கு அது சின்ன விசயமில்லை.

மறுநாள் காலை ஒரு கன்றின் பின்பக்கத்தைத் துடைக்க வாலைத் தூக்கினாள். பிறகு குனிந்து வயிற்றின் கீழே பார்த்தாள். அடுத்த கன்றையும் பார்த்தாள்.

"ஜீவா, இது ரெண்டும் நாம்பன், ஆண் கன்று."

அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "தெரியும்."

"தெரியுமா?"

"அஞ்சும் எடுத்தாத்தான் தருவன் எண்டவன். உன்னட்டச் சொன்னா நீ வேண்டாம் எண்டு சொல்லியிருப்பாய்."

அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அதை வாளியில் அலசிப் பிழிந்துவிட்டு மற்றக் கன்றின் பக்கம் குனிந்தாள்.

மூன்றாம் நாள் கழிச்சல் தொடங்கியது. முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், பிறகு வெறும் தண்ணீர். சீமெந்துத் தரை, சுவர், கன்றுகளின் வால், காது, அவளுடைய கால்விரல் இடுக்கு என்று எல்லா இடத்திலும் அது ஒட்டியது. சலூனுக்குப் போக முன் இரண்டு தரம் குளித்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள். அப்படியும் அவள் முன்னால் காலை நீட்டிக்கொண்டிருந்த ஹெவ்லொக் டவுன் பெண் மூக்கைச் சுளித்தாள்.

"இங்க ஏதோ பழுதாப்போன பால் மணம் வருதே?"

"காண் மணக்குது மெடம்" என்று ரொஷேல் தெருக் கால்வாயின் மேல் பழியைப் போட்டாள். முகம் எரிந்தது.

அன்று பின்னேரம் ஒரு கன்று செத்துக் கிடந்தது. கண் திறந்தபடி, ஈ மொய்த்தபடி. ரொஷேல்தான் விசாரித்து மிருக வைத்தியரை அழைத்தாள். டொக்டர் ஷிஹாரா, முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து போட்ட, சத்தமாகக் கதைக்கிற பெண். வந்தவுடன் ஒரு கேள்வி கேட்டார்.

"கடும்புப் பால் குடிச்சதா இதுகள்?"

"அது என்ன பால்?" என்றான் ஜீவராஜ்.

"கன்று போட்டவுடன தாய்ல கறக்கிற கெட்டி மஞ்சள் பால். அதைக் குடிச்சாத்தான் நோயைத் தாங்கும். குடிக்காம அனுப்பினா இப்பிடித்தான் வரிசையா விழும். சரி, இப்ப என்ன குடுக்கிறீங்க?"

ஜீவராஜ் மூலையிலிருந்த வெள்ளைப் பையைக் காட்டினான். டொக்டர் ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினார். பால்மா கட்டிபட்டு, பழுப்பேறி, உள்ளே வண்டு ஊர்ந்தது.

"ஹோட்டல் ஸ்டோரில கழிச்சது. கூட்டாளி ஒருத்தன் தந்தவன்" என்றான். "மாட்டுக்குத்தானே."

ரொஷேல் அந்தப் பாலைத்தான் மூன்று நாளாகத் தன் கையால் கரைத்திருந்தாள். பை திறந்தபோதெல்லாம் வந்த மணத்தைக் கன்றின் மணம் என்று நினைத்திருந்தாள்.

டொக்டர் ஊசி போட்டார். கறந்த பால் வாங்கி இளஞ்சூட்டில் கொடுக்கச் சொன்னார். இடையிடையே உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பக்கட் கரைத்து ஊற்றவும், தரையைக் காய வைக்கவும் சொன்னார். போகும்போது வாசலில் நின்று விரலை உயர்த்தினார். "ஒண்டையும் இங்க இருந்து வெளிய அனுப்பாதீங்க. போற பட்டி எல்லாம் அழிஞ்சிரும்."

செத்த கன்றைப் புதைத்துவிட்டதாக ஜீவராஜ் சொன்னான். இரண்டு நாள் கழித்து ஆற்றில் நீர் ஏறியபோது ஒரு உரப்பை கரையில் வந்து தட்டியது. ஊதிப் பெருத்திருந்தது. தையல் பிரிந்த இடத்தில் ஒரு குளம்பு தெரிந்தது. பக்கத்து வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு சிங்களத்தில் ஏசினார்கள். ஜீவராஜ் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் நடந்தான். ரொஷேல் வாயில் துணி கட்டி, தடியால் பையை இழுத்தெடுத்து, குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினாள். பிறகு மதிலோரம் போய், வயிற்றில் ஒன்றுமில்லாமல் போகும்வரை வாந்தி எடுத்தாள்.

அந்தக் கிழமைக்குள் இன்னொன்றும் செத்தது. மூன்று மிஞ்சின.

அடுத்த கிழமை, சனிக்கிழமை காலை அவள் பட்டிக்கு வந்தபோது மணம் மாறியிருந்தது. மல்லிகைப்பூ மணம். மூன்று கன்றுகளும் ஈரமாக, பளபளவென்று நின்றன. வாலில் ஒரு பொட்டு அழுக்கில்லை. பக்கத்தில் அவள் சலூனிலிருந்து கொண்டுவந்து குளியலறையில் வைத்திருந்த ஷாம்புப் போத்தல், காலியாக.

"என்ன செய்தனீங்க?"

"ஆள் வருது பார்க்க. பாமன்கடையில இருந்து. ரெண்டு நாகையும் எடுக்கினமாம்."

"டொக்டர் சொன்னது காதில விழேல்லையா? இதுகளுக்குக் கழிச்சல் நிக்கவே இல்ல."

"இப்ப நிண்டிட்டுது. விடிய ஆளுக்கு நாலு குளிசை குடுத்தனான். மனிசருக்கு வயித்தோட்டத்துக்குக் குடுக்கிறதுதான். பின்னேரம் வரைக்கும் தாங்கும்."

ரொஷேல் ஒரு கன்றைத் தொட்டாள். வயிறு முரசுபோல இறுகியிருந்தது. காதுகள் குளிர்ந்துபோயிருந்தன. குனிந்தால் மல்லிகை மணம், அதற்கடியில் அந்தப் பழைய நாற்றம். இரண்டு கிழமையாக அவள் அளைந்த எந்த அழுக்கும் அவளை இப்படிக் குமட்ட வைக்கவில்லை.

வாங்க வந்தவள் சுதர்சினி. மலையகத்திலிருந்து வந்து பாமன்கடையில் குடியிருப்பவள், முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாடு வைத்திருக்கிறாளாம். கணவனின் ஓட்டோவில், பின் சீற்றில் வைக்கோல் பரப்பிக்கொண்டு வந்திருந்தாள். கன்றின் நெற்றியைத் தடவிக் குனிந்தவள் சிரித்தாள்.

"என்னங்க, சின்னப் புள்ள மாதிரி வாசமா இருக்கு?"

"நாங்க அப்பிடித்தான் வளர்க்கிறது" என்றான் ஜீவராஜ். ஹோட்டலில் விருந்தினருக்குத் தட்டு நீட்டும்போது சிரிக்கும் அதே சிரிப்பு. "ஒரு நோய் நொடி இல்ல. நல்லாக் குடிக்குதுகள்."

சுதர்சினி கன்றின் கழுத்தில் கயிறு போடப் போனாள்.

"போடாதீங்க" என்றாள் ரொஷேல். "கன்றுக்குக் கழிச்சல். ரெண்டு செத்திட்டுது. குளிசை குடுத்து நிற்பாட்டிக் கழுவி வச்சிருக்கு. கொண்டு போனா உங்கட மாட்டுக்கும் தொத்தும்."

ஜீவராஜ் சிரிக்க முயன்றான். "இவவுக்குக் கன்று குடுக்க மனமில்ல, அதான்..."

சுதர்சினி அவன் பக்கம் திரும்பவில்லை. "அக்கா, எங்க மாடு சினையா நிக்கிது" என்றாள் ரொஷேலிடம். "அடுத்த மாசம் கன்னு போடணும்." குழாயடிக்குப் போய் முழங்கைவரை கழுவினாள். செருப்பைக் கழற்றி அதையும் கழுவினாள். வைக்கோலை ஓட்டோவிலிருந்து இறக்கி அங்கேயே போட்டுவிட்டு, ரொஷேலுடைய ஃபோன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

"வெளியாளுக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிட்டாய்" என்று கத்தினான் ஜீவராஜ். "நான் யாருக்காக இதெல்லாம் செய்யிறன்? உனக்குத்தானே?"

ரொஷேல் ஓரடி பின்னால் போனாள். அவன் பேசும்போது ஈரமாக அசைந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் படுத்த மனிதன். இனி அந்த வாய் தன் முகத்துக்குக் கிட்ட வரக்கூடாது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பின்னேரம், அவன் சொன்ன நேரத்துக்கே, குளிசையின் வேகம் விட்டது. வயிறு இறுகி நின்ற கன்று விடியுமுன் செத்தது. அதற்குப் பிறகு ஜீவராஜ் பட்டிப் பக்கம் வரவில்லை. ஒரு நாகும் ஒரு நாம்பனும் மிஞ்சின. சலூனில் இரண்டு கிழமை லீவு எடுத்து ரொஷேல் அவற்றுக்கு ஜீவனி ஊற்றினாள், சாக்கு போர்த்தினாள், சாணியைச் சுரண்டினாள். பாசம் ஒன்றும் வரவில்லை. நாகு அவள் காதைச் சூப்பும்போதெல்லாம் உடம்பு கூசியது. ஆனாலும் பால் சூட்டை ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தாள். யாராவது ஒருவர் ஒழுங்காகப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டும் பிழைத்தன. மூன்று மாதம் கழித்து டொக்டர் ஷிஹாரா வந்து பார்த்து, இனி அனுப்பலாம் என்றார். ரொஷேல் சுதர்சினியை அழைத்தாள். அவள் லொறியோடு வந்து, வாலைத் தூக்கி, பல்லைப் பிரித்து, வயிற்றை அமுக்கி, இரண்டையும் ஒவ்வோர் அங்குலமாகச் சோதித்த பிறகுதான் ஏற்றினாள்.

அதே மாதம் ரொஷேல் வெள்ளவத்தையில், சலூனுக்குப் பின் ஒழுங்கையில், ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். ஏன் என்று கேட்ட தன் அம்மாவிடம் "மணம் தாங்க ஏலாது" என்று மட்டும் சொன்னாள். அம்மா மாட்டுப்பட்டியை நினைத்துத் தலையாட்டினாள்.

ஒருநாள் வேலை நேரத்தில் ஜீவராஜ் அழைத்தான்.

"ரொஷேல், இந்த முறை கோழிக்குஞ்சு. ஒரு நாள் குஞ்சு, நூறு எடுத்திருக்கிறன். நீ ஒருக்கா வந்து பார்த்தியெண்டால்..."

அவன் பின்னால் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. எதில் கொண்டுவந்தார்கள், என்ன குடித்தன என்று கேட்க அவளுக்கு வாய் வந்தது. கேட்கவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு டொக்டர் ஷிஹாராவின் நம்பரைத் தேடி எடுத்து, "மட்டக்குளிக் காணியில இப்ப நூறு கோழிக்குஞ்சு, ஒருக்காப் போய்ப் பாருங்க" என்று செய்தி அனுப்பினாள்.